சின்ன ஊர் வக்கீல் தேர்தலில் நிற்பதற்கு முன்னால்

கட்சிக்காரர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர் ஒரு கட்சிக்காரர், கொடி பிடிக்கிறவர் இன்னொரு கட்சிக்காரர். சென்னையில் இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை மாதிரி ஊரில் அது நடக்காது. காலையில் குறுக்கு விசாரணையில் யாரை வறுத்தெடுத்தீர்களோ, அவர் வீட்டு வாசலில்தான் சாயங்காலம் கையைக் கூப்பிக்கொண்டு ஓட்டுக் கேட்டு நிற்பீர்கள். கேஸில் ஜெயித்த பக்கத்துக்கு எத்தனை ஓட்டோ தோற்ற பக்கத்துக்கும் ஏறக்குறைய அத்தனை ஓட்டு இருக்கிறது என்பதை நான் தோற்றுத்தான் படித்தேன், அந்தக் கதை பின்னால் வரும்.

இது புதிதாகக் கவுன் போட்டவர்களுக்காக எழுதுவது. குறிப்பாக, மனசுக்குள் ஒரு ஓரத்தில் வெள்ளை வேட்டி ஆசையும் இருக்கிறவர்களுக்கு. நான் இருப்பது கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், அதனால் சட்டம் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலைப் பக்கம் மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் பதிவு

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு. வழக்கறிஞர் சட்டம் 1961 சொல்லும் கட்டணம் மாநில கவுன்சிலுக்கு 600, அகில இந்திய கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பல வருஷங்களாக மாநிலத்துக்கு மாநிலம் இதற்கு மேல் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள், 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, பதிவு செய்த இரண்டு வருஷத்துக்குள் எழுதித் தேறிவிடுங்கள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தள்ளிப் போடாமல் இருந்தால் போதும்.

எல்லை ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்பது: தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் கேரளத்தில் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஆஜராகலாமா? ஆகலாம். 2011 ஜூன் முதல் வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது, இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் நிற்கலாம். மலையாளம் வாசிக்கத் தெரியாமல் அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

வராந்தாவில் ஐந்து வருஷம்

இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. மூன்றாம் மாதத்திலேயே ஃபிளெக்ஸ் போர்டில் சிரித்துக்கொண்டு நிற்கிற தம்பிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களில் பாதிப் பேர் இப்போது தொழிலிலும் இல்லை, கட்சியிலும் இல்லை. சீனியரிடம் ஐந்து வருஷமாவது இருங்கள். காசு பெரிதாக வராது. ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கை விட்டது. நல்ல சுற்றறிக்கை. எங்கள் வராந்தாவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அந்த ஐந்து வருஷத்தில் சட்டத்தைவிட முக்கியமாகப் படிக்க வேண்டியது ஊரின் காகிதத்தை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அதற்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் தாத்தா காலத்து ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை விரித்தால் மலையாள எழுத்து இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆங்கில வருஷம். தேதி ஜனவரி பிறந்து ஆவணி பிறப்பதற்குள் வந்தால் 825 கூட்ட வேண்டும். இந்த ஒரு வருஷக் கணக்கைத் தப்பாகப் போட்டு, முதலில் எழுதியது ஒத்தியா, விற்பனையா என்று குழம்பிப்போன வழக்கை நானே நடத்தியிருக்கிறேன். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த திருத்தணிப் பக்கம் போனால் இதே கதை தெலுங்கில் நடக்கும்.

பழைய மலையாள ஆதாரத்தை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்த வக்கீல் எங்கள் பக்கம் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீங்கள் அதைக் கற்றுக்கொண்டால் கேஸ் இல்லாத வீடுகளிலிருந்தும் ஆள் வரும். "வக்கீல் சாரே, இதை ஒண்ணு வாசிச்சுச் சொல்லுங்க" என்று தகரப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். வாசித்துச் சொல்லுங்கள், காசு வாங்காதீர்கள், சாயா வாங்கித் தந்தால் குடியுங்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சண்டை அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அதில் பார்த்த எதையும் வெளியே பேசக் கூடாது. மேடையில் நிற்கும்போது எதிர் வேட்பாளரின் மாமனார் யாருடைய நிலத்தை எப்படி வாங்கினார் என்பது உங்கள் நாக்கு நுனி வரை வரும், அப்போதும் கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் உங்கள் மேஜைக்கு வராது.

ஜெயித்த கேஸும் தோற்ற வார்டும்

சரி, என் கதை. 2011 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினருக்கு நின்று 14 ஓட்டில் தோற்றேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே வார்டில் ஒரு வழிப் பிரச்சினை. அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும், அண்ணன் கல் போட்டு வழியை அடைத்துவிட்டார். நான் தம்பிக்கு ஆஜரானேன். கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்தார், தடை உத்தரவு கிடைத்தது, கடைசியில் டிகிரியும், அதாவது தீர்ப்பாணையும் கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். தம்பி கூப்பிட்டாரே என்று கல்லை எடுக்கும் அன்றைக்கு நானும் போனேன். அவர் பட்டாசு வெடித்தார், நான் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அண்ணனின் மனைவி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த வீட்டுச் சொந்தபந்தம் எல்லாம் சேர்த்து அந்த வார்டில் இருபது ஓட்டுக்கு மேல். எண்ணிக்கை முடிந்த அன்று ராத்திரி நான் போட்ட கணக்கு இதுதான்.

கேஸில் ஜெயிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கட்சிக்காரருக்காக முழு பலத்தோடு வாதாடுங்கள், அதில் அரசியல் கணக்குப் போட்டால் கவுனைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. கோர்ட் வாசலுக்கு வெளியே எதிர்த்தரப்பைத் தோற்றவராக நடத்தாதீர்கள், அவ்வளவுதான். சாட்சிக்கூண்டில் தேவையில்லாத கேள்வியால் ஒருவருடைய மானத்தை வாங்காதீர்கள். உத்தரவு கிடைத்தால் உங்கள் கட்சிக்காரரை அமைதியாக வீட்டுக்கு அனுப்புங்கள். மறுதரப்பு வக்கீலைக் கூப்பிட்டு, கல்லை எந்த நாளில் எடுத்தால் அவர்களுக்குச் சங்கடம் குறையும் என்று கேளுங்கள். அந்த ஒரு போன் செலவில்லாதது.

ராசியாகப் போகக்கூடிய கேஸை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதும் நல்லது. அங்கே முடிந்தால் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், இரண்டு வீட்டிலும் உங்களுக்கு ஒரு நல்ல பேர் இருக்கும். ஆனால் உங்கள் நல்ல பேருக்காகக் கட்சிக்காரரின் உரிமையை அரை விலைக்கு விட்டுக்கொடுக்க வைக்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள். ஊருக்கு அது ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். தாலுகா சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் பட்டியலில் பெயர் கொடுங்கள், படி குறைவுதான், ஆனால் காசில்லாதவர்களின் கேஸ் என்ன என்பது அங்கேதான் தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக் கொடுங்கள், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடக் கற்றுக்கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் போய் உட்காருங்கள். போன உடனே பேசாதீர்கள். முதல் நான்கு சபைக்கு வாயை மூடிக்கொண்டு, குடிதண்ணீர்க் குழாய் பற்றி யார் கேட்கிறார்கள், யார் தலையைக் குனிகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் வக்கீல் அரசியல்வாதி என்று பேச்சு வந்தால் நேசமணியில்தான் போய் நிற்கும். பள்ளியாடியில் 1895இல் பிறந்தவர், நாகர்கோவிலில் தொழில் செய்தவர். அந்தக் காலத்துக் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்தார்களாம், இவர் போன முதல் நாளே முக்காலியை எத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராகித் தாய்த் தமிழகத்தோடு இணையும் போராட்டத்தை நடத்தினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அன்றைக்கு முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையும் வக்கீல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நேசமணி முதல் மக்களவைக்கு நாகர்கோவிலிலிருந்து போனார், 1967இலும் அங்கேயே ஜெயித்தார், 1968இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த இடத்துக்கு 1969இல் நடந்த இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் காமராஜர். நான் ஜூனியர்களுக்கு இதில் காட்டுவது ஒன்றைத்தான்: முக்காலியை எத்தியது முதல் நாளில், நாடாளுமன்றத்துக்குப் போனது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். நடுவில் இருந்த வருஷங்களில் பெரும்பகுதி வாய்தாவும் கேஸ் கட்டும்தான்.

எங்கே நிற்பது

எடுத்த எடுப்பில் சட்டமன்றம் வேண்டாம். வயது கணக்கும் அப்படித்தான், உள்ளாட்சிக்கு 21, சட்டமன்றத்துக்கு 25. கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டுக்கும் நம் பக்கம் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டோ சாவியோ கொடுப்பதை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். ரோட்டைத் தாண்டிப் பாறசாலையில் வார்டுக்கே கட்சிச் சின்னத்தில் மோதுவார்கள். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஐம்பதைத் தாண்டும், அங்கே வார்டு உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், சின்னமும் உண்டு. ஆகவே கட்சி பலமில்லாத வக்கீலுக்குக் கிராம ஊராட்சித் தலைவர் பதவிதான் நல்ல களம், ஓட்டு நேரடியாக வரும். ஜெயித்துவிட்டால் அதிகாரத்தோடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு நோட்டீஸும் வரும், அதில்தான் கலெக்டர் தலைவரைப் பதவி நீக்குவார், அதையும் இப்போதே வாசித்துவையுங்கள்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கீடு, அது சுற்றி வரும். ஐந்து வருஷம் உழைத்துப் பண்படுத்திய வார்டு அடுத்த தடவை பெண்கள் வார்டாகலாம். அப்போது மனைவியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று கையெழுத்து வாங்கும் ஆண்களை நாம் நிறையவே பார்க்கிறோம், வக்கீல்கள் அதைச் செய்வது கூடுதல் அசிங்கம். பெண் ஜூனியர்களுக்கு நான் சொல்வது, உங்கள் வார்டு எது என்று இப்போதே பார்த்து வேலையைத் தொடங்குங்கள், கேட்டால் கிடைக்கும் இடம் அது.

எல்லை ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள்

வாக்காளர் பட்டியல். அப்பா வழி வீடு இந்தப் பக்கம், அம்மா வழி வீடு அந்தப் பக்கம், இரண்டு பக்கமும் பெயர் இருக்கும் ஆட்கள் எங்கள் ஊரில் அபூர்வமில்லை. தேயிலைத் தோட்டப் பக்கம், தேவிகுளத்துக்கும் போடிக்கும் நடுவில் இதைவிட அதிகம். ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில், ஒரே ஒரு தடவைதான் இருக்கலாம். பொய்யாக உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தது நிரூபணமானால் ஒரு வருஷம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950 சொல்கிறது. சாதாரண ஆளை யாரும் கேட்க மாட்டார்கள். வேட்பாளர் என்று ஆன மறுநாள் எதிராளி இரண்டு பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு வந்து நிற்பார். படிவம் 7 கொடுத்து ஒரு பக்கத்தை நீக்கி, நீக்கிய ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ், தனித் தொகுதியில் நிற்பவர்களுக்கு. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல், தமிழ்நாட்டுச் சான்றை வைத்துக் கேரளத்தின் தனித் தொகுதியில் நிற்க முடியாது, மறுபக்கமும் அப்படியே. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேவிகுளத்தைப் பாருங்கள். 2021இல் அங்கே ஜெயித்த அ. ராஜா வக்கீல், தமிழர். சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார், மொழிபெயர்ப்பில் முக்கியமான வார்த்தை விட்டுப்போயிருந்ததால் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. அது சின்ன விஷயம். அவருடைய பட்டியல் சாதித் தகுதியை எதிர்த்துத் தேர்தல் வழக்கு வந்தது. முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து எப்போது குடிவந்தார்கள், குடும்பம் எந்த மதம் என்பது வரை கிளறினார்கள். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் ஜெயித்தது செல்லாது என்றது, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து ஜெயித்தது செல்லும் என்றது. ஐந்து வருஷப் பதவியில் நான்கு வருஷம் தலைக்கு மேல் கத்தி. ஆகவே தாத்தாவின் தோட்டப் பதிவேடு, பள்ளிச் சான்று, சர்ச் பதிவேடு எல்லாவற்றையும் நிற்பதற்கு முன்னால் தேடி எடுங்கள். மற்றவர் குடும்பத்துக் காகிதத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை, இது எங்கள் தொழிலுக்கே உள்ள வியாதி.

வக்கீலுக்கு மட்டும் வரும் சிக்கல்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 தருகிற தகுதியின்மைப் பட்டியலில், ஊராட்சிக்காகக் கட்டணம் வாங்கி ஆஜராகும் வக்கீலும், ஊராட்சிக்கு எதிராக ஆஜராகும் வக்கீலும் இருக்கிறார்கள். மக்களுக்காக ஊராட்சி மேல் கேஸ் போட்டுத்தான் நீங்கள் பெயர் வாங்கியிருப்பீர்கள், அதுவே வேட்புமனுப் பரிசீலனையில் குறுக்கே நிற்கும். மனுத் தாக்கலுக்கு முன்னால் அந்த வக்காலத்துகளிலிருந்து முறையாக விலகி, கோர்ட் பதிவேட்டில் அது ஏறிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். கட்சிக்காரருக்கு வேறு வக்கீலை ஏற்பாடு செய்து கொடுப்பதும் உங்கள் கடமை. பேரூராட்சி, நகராட்சிக்குச் சட்டம் வேறு, அதைத் தனியாக வாசியுங்கள்.

அரசு வக்கீலாக இருந்தால் ஆதாயம் தரும் பதவி என்ற கேள்வி வரும், அரசிடம் அப்படிப் பதவி வகிப்பவர் உறுப்பினராக முடியாது. ராஜஸ்தானில் காந்தா கதூரியா என்ற வக்கீல் ஒரே ஒரு மத்தியஸ்த வழக்கில் அரசுக்குத் தனி வக்கீலாக ஆஜரானவர், சட்டமன்றத்துக்கு ஜெயித்த பின் அதை வைத்தே அவர் பதவியைப் பறிக்கப் பார்த்தார்கள். 1969இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தப்பினார், அதிலும் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. அந்த அளவுக்கு எதற்கு இழுக்க வேண்டும்? நிற்பதற்கு முன்னால் ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். நோட்டரியாக இருப்பவர் தன் பிரமாணப் பத்திரத்தில் தானே முத்திரை குத்தக் கூடாது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் குத்தியவரை எனக்குத் தெரியும்.

கட்சியா, சுயேச்சையா

பெரிய கட்சிகள் எல்லாவற்றிலும் வக்கீல்களுக்கு ஒரு அணி உண்டு. அங்கே வேலை என்னவென்றால், மறியலில் பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் எடுப்பது, வேட்பாளரின் மனுவை நிரப்புவது, எண்ணிக்கை அன்று மேஜையில் உட்காருவது. பத்து வருஷம் இதைச் செய்துவிட்டு சீட் கேட்டால், "நீங்க போயிட்டா கேஸ் யார் பாக்குறது சார்?" என்பார்கள். பாராட்டு மாதிரித்தான் இருக்கும். ஆகவே அணிப் பொறுப்போடு ஒரு கிளைப் பொறுப்பையும், அதாவது ஓட்டுச்சாவடி வேலையையும் கையில் வையுங்கள். ஜாமீன் வாங்கிக் கொடுப்பவர் ஊருக்கு நூறு பேர், ஒரு பூத்தின் ஆயிரம் பெயரையும் வீடு வீடாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்து பேர் வேண்டும், எல்லோரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். கட்சி வேட்பாளருக்கு, இவர் எங்கள் ஆள் என்று கட்சி எழுதித் தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மூன்று மணிக்குள் தேர்தல் அலுவலர் கைக்குப் போய்விட வேண்டும், மூன்று மணி ஐந்து நிமிஷம் என்றால் சுயேச்சைதான். சட்டமன்றத்துக்கு இது. உள்ளாட்சிக்குப் படிவங்கள் வேறு.

மனு, காசு, எண்ணிக்கை

டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போய்விடும். சொத்து, வழக்கு விவரம் எழுதும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்து, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவையே தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறியல், ஊர்வல வழக்குகள் ஏதாவது நிலுவையில் இருந்தால் ஒன்றுவிடாமல் எழுதுங்கள், வக்கீல் மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள். எந்தக் கோர்ட்டில் என்ன நம்பர் என்பதை உங்கள் குமாஸ்தாவை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவருக்குத்தான் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

செலவுக்கு உச்ச வரம்பு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் என்று 2022இல் உயர்த்தினார்கள். மனுவுக்கு முந்தின நாளுக்குள் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். தினசரி எழுதுங்கள், சாயா பில் உட்பட. வெளியே என்ன ஓடுகிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஓட்டுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தால் எதிராளிக்கும் வீடியோ எடுக்க ஒரு ஆள் இருப்பான், ஊழல் நடவடிக்கை நிரூபணமானால் ஆறு வருஷம் வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும், பதிவான ஓட்டின் கணக்கு இருக்கும் 17சி படிவ நகலை உங்கள் ஏஜென்ட் வாங்காமல் வரக் கூடாது. எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் மறு எண்ணிக்கையை முடிவு அறிவிப்பதற்கு முன்னால், எழுத்தில் கேளுங்கள். அறிவித்த பிறகு தேர்தல் வழக்குத்தான், 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். பாலக்காட்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தலச்சேரியில் வக்கீலாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், அடுத்த தேர்தலில் சொற்ப ஓட்டில் தோற்று, வழக்குப் போட்டு அந்த இடத்தை வாங்கினார். அது எப்போதும் நடப்பதில்லை. எங்களுக்குப் பக்கத்து ராதாபுரத்தில் 2016இல் வித்தியாசம் 49 ஓட்டு, தகராறு 203 தபால் ஓட்டில். வழக்கு நடந்து 2019இல் மறுபடி எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த முடிவு வெளியே வருவதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. ஆகவே அந்த மேஜையில் அன்றைக்கு ராத்திரி தூங்காமல் உட்காருவதுதான் மலிவான வழக்கு.

ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள்

சட்டமன்ற உறுப்பினரானாலும் தொழில் செய்யலாம். 2018 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. வேட்பாளர் மேல் குற்ற வழக்கு இருந்தால் ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும் என்ற தீர்ப்பும் அதே நாளில்தான் வந்தது, வக்கீல் அரசியல்வாதிக்கு அன்றைக்கு ஒரு கையில் இனிப்பும் ஒரு கையில் கசப்பும். ஆனால் செய்யலாம் என்பதற்காக எல்லா கேஸையும் எடுக்காதீர்கள். உங்கள் வார்டுக்காரர் இரண்டு பேர் மோதும் கேஸில் எந்தப் பக்கமும் நிற்காதீர்கள், நம்பிக்கையான ஒரு ஜூனியரிடம் அனுப்பவும் செய்யாதீர்கள், அது நீங்களே நிற்பது மாதிரித்தான். எனக்கு 2022 பிப்ரவரியில் இரண்டாம் தடவை நின்று வார்டு கிடைத்தபோது வருமானம் அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வீட்டில் அதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

தோற்றால் இரண்டு வேலை உடனே இருக்கிறது. செலவுக் கணக்கை 30 நாளுக்குள் கொடுத்து ரசீது வாங்குங்கள், சட்டமன்றத்துக்கு நின்று அதைக் கொடுக்காமல் விட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாமல் போகலாம், தோற்ற எரிச்சலில் விட்டவர்கள் பலர். இன்னொன்று, மறுநாள் காலை பத்தரைக்குக் கோர்ட்டில் இருங்கள். 2011இல் நான் மூன்று நாள் வீட்டில் படுத்துவிட்டேன், நான்காம் நாள் போனபோது என் கேஸ் ஒன்று எக்ஸ்பார்ட்டி, அதாவது நாங்கள் இல்லாமலே எங்களுக்கு எதிராக முடிந்திருந்தது. அதைத் திரும்ப எடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கும்போது, வழிப் பிரச்சினையில் என்னிடம் தோற்ற அந்த அண்ணன் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். வக்கீலைப் பார்க்க வந்தாராம், அவருடைய வக்கீலை. அவர் இன்னும் வரவில்லை. நான் குமாஸ்தாவிடம் இரண்டு சாயா சொல்லச் சொன்னேன்.